பதிவாளர் வராந்தாவில் ஆலோசனை நேரம்

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே இளநிலை மாணவர்களுக்கு வரலாறும் நடத்திவந்த அவளைப் பல்கலைக்கழகம் முழுக்கப் ‘படிக்கட்டு டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டது. கேலியாகத் தொடங்கிய பெயர், போகப்போக விலாசமாகிவிட்டது. துறையில் அவளுக்கென்று மேசை நாற்காலி கிடையாது. சந்தேகம் கேட்க வருகிறவர்களை முதல் மாடித் திருப்பத்தில் உட்காரவைத்துத்தான் பேசுவாள். மேலே போகிறவர்கள், “கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா” என்பார்கள். மடக்கிக்கொள்வாள்.

அதே படிக்கட்டுக்கு அடியில் தாடிக்காரர் உட்கார்ந்திருப்பார். தற்காலிக விரிவுரையாளர். ஆண்டு முடிந்ததும் வேலையிலிருந்து விடுவித்து, விடுமுறை கழித்து மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். “எனக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பிறவி” என்று சொல்லிச் சிரிப்பார். நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு மதியம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கட்டுரை தாமதமானதற்குக் காரணம் சொல்ல வந்தாள். பேச ஆரம்பித்தவள், அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டதைச் சொல்லும்போது உடைந்துபோனாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. மேலிருந்து கூட்டம் இறங்கியது. இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடியவள்தான். அடுத்த வாரம் வகுப்புக்கே வரவில்லை.

தன் கால் மரத்துப்போனதையெல்லாம் பொறுத்துக்கொண்ட டீச்சருக்கு, இது பொறுக்கவில்லை. தாடிக்காரரையும் ஆய்வு மாணவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு பதிவாளரைப் பார்க்கப் போனாள். வராந்தாவில் வெகுநேரம் காத்திருந்தார்கள். வரிசையாகப் பெஞ்சுகள், தலைக்கு மேல் விசிறிகள், நல்ல வெளிச்சம். “அடடா, நம்ம இடத்தைவிட இங்க எவ்வளவு சௌகரியம்!” என்று தாடிக்காரர் காலை நீட்டினார்.

உள்ளே பதிவாளர் ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை. “ரூம் எங்கம்மா இருக்கு? இருந்தா தரமாட்டேனா?”

விஷயம் அவளுடைய நெறியாளர் காதுக்கும் எட்டியது. “முதல்ல ஆய்வேட்டை முடி. இப்பப் போய் பேரைக் கெடுத்துக்காத” என்றார் அந்தப் பேராசிரியை. அவர் கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு நகராது. அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பஸ் கண்டக்டர் வேலை முடிந்து வந்திருந்த அண்ணி, தட்டைப் பார்த்தாள். “என்னடி, கொறிச்சிக்கிட்டு இருக்க?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“மேடம் அப்படிச் சொன்னது உன் நல்லதுக்கா, அவங்க நிம்மதிக்கா?”

“ரெண்டுக்கும்தான்னு நினைக்கிறேன் அண்ணி.”

“அப்ப பாதி கேட்டாப் போதும். சாப்பிடு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பயம் போய்விடவில்லை, ஆனால் பசி வந்தது. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்போது தாடிக்காரர் காலை நீட்டியது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘ஆலோசனை நேரம் இனி பதிவாளர் வராந்தாவில்.’

கோஷம் இல்லை, கொடி இல்லை. இடமில்லாத ஆய்வு மாணவர்களும் தற்காலிக விரிவுரையாளர்களும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து, எப்போதும் செய்கிற வேலையைச் செய்தார்கள். ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார், ஒருத்தி தேர்வுத்தாள் திருத்தினாள். மாணவர் வரிசை வாசல்வரை நீண்டது. “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டுக் கேட்டு ப்யூனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. “எங்க டீச்சரை” என்பதுதான் எல்லோருடைய பதிலும். மறுநாள் வரிசையின் கடைசியில் அந்த இரண்டாம் ஆண்டு மாணவி நின்றாள். கையில் கட்டுரை இருந்தது.

புதன்கிழமை பதிவாளர் அறைக்கு வெளியே வந்தார். “என்னம்மா இது, போராட்டமா?”

“இல்ல சார். வேலை.”

“இந்த வேலையை வேற எங்கயாவது பண்ணக்கூடாதா?”

“அதைத்தான் சார் நாங்களும் கேட்கிறோம்.”

வராந்தாவே சிரித்தது. பதிவாளர் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் பேசினாள். படிக்கட்டில் அழுத பெண்ணைப் பற்றி, யாரென்று காட்டிக்கொடுக்காமல் சொன்னாள். காய்ச்சலென்று விடுப்பு எடுத்தால் ஆய்வுப் பதிவே ரத்தாகுமோ என்று பயந்து ஆய்வகத்துக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். தாடிக்காரர் தன் பிறவிகளைப் பற்றிச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இதெல்லாம் என் ஒருத்தன் கையில இல்லையேம்மா.”

“யார் கையில இருக்கோ, அவங்களோட எங்களையும் உட்கார வைங்க சார்.”

கேட்டதையெல்லாம் அன்று மாலையே மனுவாக எழுதினார்கள். மறுநாள் நெறியாளரே வராந்தாவுக்கு வந்தபோது அவள் எழுந்து நின்றாள். அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். “மனு எழுதியிருக்கியாமே? என் பேரையும் சேர்த்துக்க” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஓரமாப் போடு. ரொம்பக் கண்ணுல பட வேணாம்.”

“ஓரமா, ஆனா தெளிவாப் போடறேன் மேடம்.”

“சரி, சரி” என்று அவர் வேகமாக நடந்துவிட்டார். நடையில் ஒரு குறும்பு இருந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. பழைய விடைத்தாள் கிடங்கைக் காலி செய்து ஆலோசனை அறைகளாக்க உத்தரவு வந்தது. ஆய்வு மாணவர்களுக்கு மருத்துவ விடுப்பு உண்டு என்று ஆட்சிக்குழு தீர்மானித்தது. தற்காலிக ஆசிரியர் நியமனத்துக்கு மட்டும் ஒரு குழு போட்டார்கள். அதில் டீச்சருக்கும் தாடிக்காரருக்கும் இடம்.

“பரிசீலிக்கறாங்களாம்” என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

“இருக்கட்டும்மா. இத்தனை நாள் நாம இல்லாமலே பரிசீலிச்சாங்க. இப்ப எதிர்லயே உட்கார்ந்து முழிப்போம்” என்றார் அவர்.

கிடங்கைச் சுத்தம் செய்த அன்று இருவரும் கூடமாட நின்றார்கள். தூசி அடங்கியதும், துப்புரவுப் பெண்களில் மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

“டீச்சர், நாங்க சாப்பிடறது கழிப்பறைப் பக்கம்தான். எங்களுக்கும் ஒரு இடம் கேட்டுச் சொல்வீங்களா?”

“நான் மட்டும் கேட்டா எப்படிம்மா? நீங்களும் வாங்க, சேர்ந்தே கேட்போம்.”

“நாங்க வந்து என்ன பேசறது?”

“இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதேதான்.”

அந்தம்மா திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து யாரோ, “எப்ப போகணும், கேளுக்கா” என்று குரல் கொடுத்தார்கள்.