யார் ஏற்றார்கள்

...நிறுத்து என்று நான்கு முறை அழுத்தியாகிவிட்டது, நான்கு முறையும் திரையில் பச்சை எழுத்தில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது, ஆனால் சன்னலுக்கு வெளியே அணையின் ஷட்டர் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது, அப்படியானால் எதை ஏற்றது, யார் ஏற்றார்கள்... கற்பகம் ஐந்தாவது முறையும் அழுத்தினாள். மணி மூன்று நாற்பது. பள்ளிவாசல் ஊருக்கு மேலே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் இருக்கும் இந்தத் தனியார் தடுப்பணைக்கு ஒரே ஒரு ஆப்பரேட்டர், அது அவள், மற்றதையெல்லாம் கம்ப்யூட்டர் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும், மேலே எவ்வளவு மழை, உள்ளே எவ்வளவு தண்ணீர், எப்போது திறப்பது, எப்போது மூடுவது. திறப்பதற்கு முன் மட்டும் அவளிடம் கேட்கும், 'அனுமதி உண்டா?' என்று, அவள் ஆம் என்று தொடுவாள், பத்து நிமிடம் சைரன் ஊதும், பிறகுதான் ஷட்டர் அசையும். இன்று கேட்கவில்லை. சைரன் ஊதவில்லை. கொழுந்து எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரம், பாலத்துக்குச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் என்று எல்லோரும் கீழே ஓடையில் கல் தாண்டித்தான் போவார்கள், கொழுந்து பறிக்கும் சுருளியம்மாள் கூட்டத்தில் மட்டும் பதினாறு பேர்... கடவுளே, இப்போது எங்கே இருப்பார்கள், எடைக்கொட்டகையிலா, இறக்கத்திலா? அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது. கஞ்சிக்கோட்டில் இருக்கும் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தாள், என்ஜினீயர் ரமேஷ்குமார் எடுத்தார், கிழக்குப் பாலக்காட்டுக்காரர், அவசரத்திலும் 'ங்க' போடாமல் பேச வராது அவருக்கு. “ஏனுங்க கற்பகம், இங்க ஸ்க்ரீன்ல ஷட்டர் மூடித்தானுங்க இருக்குது.” “என் கண்ணு முன்னால ஏறுது சார்!” “நீங்க ஒண்ணையும் தொட்டுறாதீங்க, நான் மேல கேட்டுட்டுச் சொல்றனுங்க.” மேலே என்றால் எங்கே, இதற்கு மேலே யார் இருக்கிறார்கள்...

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஷட்டர் மேடைக்கு அறுபது படி, பாசி பிடித்த படி, செருப்பை உதறிவிட்டு ஏறினாள். அறைக்குள்ளிருந்து ஒலிபெருக்கி அமைதியான குரலில், “கற்பகம், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இருக்கைக்குத் திரும்புங்கள்” என்றது. யாருடைய கட்டுப்பாட்டில்? அதைக் கேள், முதலில் அதைக் கேள். இன்றுதான் அது கேட்காமல் விட்டதா? இல்லை... மூச்சு வாங்கியது, நின்றுவிடாதே, இல்லை, மூன்று வாரமாகவே சின்னச் சின்னத் திறப்புக்கெல்லாம் அது கேட்பதை விட்டுவிட்டது, அவளுக்குத் தெரியும், அப்பாடா ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியாகச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாளே, யாரிடமாவது சொன்னாளா? மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை ஆம் என்று தொட்டிருப்பாள், ஒரு தடவையாவது இல்லை என்று தொட்டதுண்டா? வீட்டில் பத்தாவதோடு நில் என்றபோது ஆகட்டும், ஜீப் ஓட்டும் முனீஸ்வரனைக் கட்டிக்கொள் என்றபோது ஆகட்டும், “பொத்தான அமுக்குறதுக்கெல்லாம் ஒரு வேலையா” என்று அவன் சிரித்தபோதுகூட ஆமாம் என்று சேர்ந்து சிரித்தவள்தானே. எப்படியும் ஆம் என்றுதான் சொல்லப்போகிறாள், இவளை எதற்குக் கேட்பது என்று அது முடிவு செய்திருந்தால்... அதன் மேல் குற்றமா, என் மேலா? இருக்கட்டும், அதைப் பிறகு பார்க்கலாம், இப்போது படி, இன்னும் பத்துப் படி.

மேடையில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மின்பெட்டிக்குப் புதுசாகப் போட்ட பூட்டு, சாவி கிடையாது, சிஸ்டம் சொன்னால்தான் திறக்கும். கீழே பார்த்தாள். வெள்ளைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியிலிருந்து பீறிட்டுப் போனது, அதற்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், முதல் கல்லில் ஒரு பச்சைச் சேலை... சுருளியம்மாள். முட்டளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மற்றவர்கள் கரையில் நின்று அலறுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. “கற்பகம், பெட்டியைத் தொடுவது விதிமீறல்” என்றது மேடையில் இருந்த ஒலிபெருக்கி. விதியா? கேட்காமல் திறந்தாயே அது எந்த விதி, போடி... அதை 'டி' போட்டுத் திட்டினோமா, சிரிப்பு வேறு வந்து தொலைக்கிறது. சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துப் பூட்டின் மேல் இறக்கினாள். ஒன்று. இரண்டு. கை அதிர்ந்தது, கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறியது. மூன்றாவதில் கதவு வளைந்தது. உள்ளே மூன்று பீஸ் கட்டைகள், வெள்ளைப் பீங்கான், ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், மூன்றாவதைப் பிடுங்கியதும் உறுமல் அடங்கியது. கைப்பிடியை மாட்டிச் சுற்றத் தொடங்கினாள், ஐம்பது சுற்றுக்கு ஒரு சாண் இறங்கும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் சொல்லிக் கொடுத்தது, அதற்குப் பிறகு யாரும் சுற்றியதில்லை, இறங்கு, இறங்கு, தோள் கழன்றாலும் பரவாயில்லை, என் கையால் இறங்கு...

எவ்வளவு நேரம் சுற்றினாளோ. தண்ணீரின் சத்தம் மெல்லக் குறைந்தபோதுதான் தன் மூச்சு தனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் சுருளியம்மாளைக் கைகொடுத்துக் கரைக்கு இழுத்திருந்தார்கள். அவள் நனைந்த சேலையோடு நிமிர்ந்து, மேடையில் நிற்பவளைப் பார்த்துக் கத்தினாள், இப்போது நன்றாகவே கேட்டது. “ஏட்டி கற்பகம்! சங்கு ஊதிட்டுத் தொறக்கப்புடாதா? எங்களக் கொல்லப் பாக்கியா?” நானில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது, பின்னே யார் என்று கேட்டால்? “எல்லாரும் பாலத்து வழியாப் போங்கக்கா! ஓடைல யாரும் எறங்காதீக!” என்று மட்டும் திருப்பிக் கத்தினாள். திட்டிக்கொண்டே போனார்கள். திட்டட்டும், எண்ணினாள், பதினாறு, பதினாறும் இருந்தது, திட்டட்டும்.

கம்பெனி கொடுத்த போன் அடித்தது. ரமேஷ்குமார். மேலேயிருந்து சத்தம் போடுகிறார்களாம், ஷட்டர் லைனில் வரவில்லையாம், உடனே பீஸை மாட்ட வேண்டுமாம். “மாட்ட மாட்டேன் சார்.” சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. “ஏனுங்க, வேலையே போயிருமுங்க.” “போகட்டும். பீஸ் என் கையில இருக்கு. வேணுங்கிறவங்க ஆளா நேர்ல வரட்டும், வந்து கீழ அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்துட்டு வாங்கிட்டுப் போகட்டும்.” அவர் குரல் இறங்கி வந்தது. “அஞ்சு நிமிசத்துக்கு முன்னால நீங்கதானுங்க கூப்பிட்டுச் சொன்னீங்க... தப்பு என்னோடதுதான் சார், எல்லாம் சரியாயிருச்சு, பீஸ மாட்டிடறேன்னு.” “நான் கூப்பிடல சார். ஷட்டரச் சுத்திக்கிட்டு இருந்தேன்.” ரமேஷ்குமார் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “அப்ப... இப்பப் பேசறது நீங்கதானுங்களா?”

கற்பகம் வாயைத் திறந்தாள். நான்தான் என்றால்? அதையும் அது என் குரலிலேயே சொல்லுமே. முனீஸ்வரன் பெயரைச் சொன்னால், சுருளியம்மாள் பெயரைச் சொன்னால், எதைச் சொன்னால் இவர் நம்புவார், மூன்று வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து அவள் பேசியது அத்தனையையும் அது கேட்டிருக்கிறது, இருமலைக்கூட. மாட்டேன் என்ற ஒரு வார்த்தையைத்தான் அது அவள் வாயிலிருந்து கேட்டதில்லை... இந்தப் போனில், இப்போது, அதையும் கேட்டுவிட்டது.