பங்காளி காத்த லேப்டாப்

பொங்கியண்ணன் கோவையிலிருந்து ஜெர்மனி வரை லேப்டாப்பை மடியை விட்டு இறக்கவில்லை. விமானத்தில் கழிவறைக்குப் போனபோதும் கையோடு தூக்கிக்கொண்டு போனார். "நான் பாத்துக்கறேனுங்க" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுங்க மீரான்" என்றார். உன்னை நம்பவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

உள்ளே இருந்தது என் உழைப்பு. அவருடைய பம்பு கம்பெனியில் மோட்டார் வடிவமைப்பது நான். சாயங்காலமானால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் வோல்டேஜ் இறங்கி, தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் புகைந்துபோகும். அப்படிப் புகையாத மோட்டார் ஒன்றை வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்திருந்தேன். காப்புரிமையில் என் பெயரையும் சேர்ப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு மனுப் போடும் முன்பே, படத்தைக் காட்டி இயந்திரம் வாங்க 1996இல் ஹானோவர் பொருட்காட்சிக்குக் கிளம்பிவிட்டோம்.

லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் "கொஞ்சம் திரும்பிக்குங்க மீரான்" என்பார். நான் வரைந்த படத்துக்கு நானே முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, ஒற்றை விரலால் பாஸ்வேர்டைத் தட்டியபடியே வாய்விட்டு முணுமுணுப்பார். செல்லாண்டி. அவருடைய குலதெய்வம். காது கேட்காதவனுக்கு மட்டுமே அது ரகசியம்.

பொருட்காட்சியில் தம்பிதுரை வந்து சேர்ந்தார். பீளமேட்டில் மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர், எங்களுக்கு நேர்ப் போட்டி. அதுவரை இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று முதலாளி ஆரம்பித்தார்.

அவர் சொன்னார். இவரும் அதே கூட்டம், அதாவது ஒரே குலம். "அட, பங்காளிங்களா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பங்காளி என்றால் கும்பிடுகிற சாமியும் ஒன்றுதான்.

மறுநாள் முதலாளிக்கு ஜெர்மனி மாட்டுப்பண்ணை பார்க்கவேண்டும் என்று ஆசை. அத்தனை தூரம் வந்து மாடு பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள்! சாணியில் லேப்டாப் எதற்கு என்று அதைத் தம்பிதுரையிடம் கொடுக்கப் போனார்.

"ஹோட்டல் லாக்கர்ல வெச்சுப்போடலாமுங்க" என்றேன்.

"வெள்ளைக்காரன் பொட்டியில வெச்சுட்டு எப்படிங்க நிம்மதியா இருக்கறது? பங்காளி பாத்துக்குவாரு."

"அவரும் மோட்டார்தானுங்க செய்யறாரு."

"அதனாலதானுங்க அதோட அருமை அவருக்குத் தெரியும்."

இந்த மூளைக்குத்தான் நான் உழைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது தம்பிதுரை தன் அறையில் லேப்டாப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மேசையில் பிளாப்பி டிஸ்குகள் அடுக்கப்பட்டிருந்தன. நான் அதைப் பார்த்தேன். முதலாளி அவர் கொடுத்த பருப்புப்பொடிப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"அந்த பிளாப்பி எதுக்குங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன். முதலாளிக்கு முகம் கடுத்துவிட்டது. "பெரிய மனுசனைச் சந்தேகப்படாதீங்க" என்றார்.

அடுத்த தைக்குள் அவிநாசி ரோட்டில் நடந்த கண்காட்சியில் தம்பிதுரையின் புது மோட்டார் ஓடியது. வோல்டேஜை எவ்வளவு இறக்கினாலும் புகையவில்லை. என் மோட்டார்தான். காப்புரிமைக்கு அவர் முந்திக்கொண்டு மனுவும் போட்டிருந்தார். பார்த்துவிட்டு வந்த முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"மீரான், கோட்டைமேட்டுப் பள்ளிவாசல்ல உங்காளுக யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டீங்களா?"

"உங்க குலதெய்வம் பேரு உங்க பங்காளிக்குத் தெரியாதுங்களா?"

அவர் என்னையே பார்த்தார். "அப்ப பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார் நிதானமாக. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் இருந்தது. அத்தனை வருஷமும் இந்த ஆளுக்கு நான் மனுஷனாகவே தெரியவில்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"செரி, போனது போச்சுங்க. அடுத்த மோட்டாரை ஆரம்பிச்சுப்போடலாம். பாஸ்வேர்டையும் மாத்திப்போட்டேன்" என்று லேப்டாப்பைத் திறந்தார். "கொஞ்சம் திரும்பிக்குங்க."

திரும்பினேன். பின்னால் ஒற்றை விரல் தட்டும் சத்தமும் முணுமுணுப்பும் கேட்டன. இந்தமுறை அவர் மனைவி வீட்டுக் குலதெய்வம்.

எதிரே கதவு இருந்தது. திறந்துகொண்டு வெளியே வந்து, மேசை மேலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தேன். "இப்பத் திரும்புங்க மீரான்" என்று அவர் கூப்பிடுவது வாசல் வரைக்கும் கேட்டது.