அர்கிரோவுக்குச் சொல்லாத பயணம்

மீன் சந்தையில் வைத்துத்தான் அர்கிரோவுக்கு விஷயம் தெரியவந்தது. நெத்திலியை அள்ளிக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரி நிமிர்ந்து பார்த்து, "உன் சிநேகிதி ஸ்மரோவுக்கு யோகம்தான் போ! புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த மாசம் சொகுசுக் கப்பல்ல போறாளாமே. நல்ல கேபினாப் பாத்துக் கொடுத்திருப்பியே நீ?" என்றாள்.

"பின்னே, அவளுக்குக் கொடுக்காம?" என்று சிரித்து வைத்தாள் அர்கிரோ. பாதி வழி வந்த பிறகுதான் மீனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக மனசில்லை.

பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் அர்கிரோவின் டிராவல்ஸ் இருந்தது. அப்பா காலத்தில் தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் விற்ற கடை. இவள் தலையெடுத்த பிறகு பெரிய கப்பல்களுக்கும் புக் பண்ணிக் கொடுத்தாள். இப்போதெல்லாம் வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து அவள் போட்ட காப்பியைக் குடிப்பார்கள். எந்த மாடியில் ஆட்டம் குறைவு, எந்தப் பக்கம் கேபின் எடுத்தால் கரை தெரியும் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்வார்கள். "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று எழுந்து போய், வீட்டில் உட்கார்ந்தபடியே கப்பல் கம்பெனியிடம் நேராக ஆன்லைனில் புக் பண்ணிவிடுவார்கள். அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஊரார் செய்தால் வியாபாரம். ஸ்மரோ செய்தால்?

ஸ்மரோவும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஸ்மரோ திரைச்சீலை தைத்து விற்றாள். அவள் புருஷன் பந்தெலிஸ் சரக்குக் கப்பலில் என்ஜின் அறைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் புருஷன் கப்பலேறும் முதுகைத்தான். அவர்கள் கல்யாணத்தில் தோழியாக நின்று, மணமக்கள் தலையில் மலர்முடிகளை மாற்றி வைத்தவள் அர்கிரோ. அந்த உறவில் பந்தெலிஸ் அவளைக் 'கும்பாரா' என்று முறைசொல்லித்தான் கூப்பிடுவார்.

குளிர்காலம் வந்தால் ஸ்மரோ கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். கப்பல் படங்களைப் பரப்பிக்கொண்டு கேபின் பொறுக்குவாள். "ஒரே ஒரு தடவைடி. வழியனுப்பறவளா இல்லாம, கூடப் போறவளா அந்தப் படி ஏறணும்" என்பாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது குறுக்கே வந்துவிடும். மகள் படிப்பு, மகள் கல்யாணம், மாமியாரின் படுக்கை. "போனா உன் கையால வாங்கின டிக்கெட்லதான் போவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அர்கிரோ போனை எடுத்தாள்.

"ஹலோ, கப்பல்காரம்மாவா பேசறது?"

எதிர்ப்பக்கம் ஸ்மரோ சிரித்தாள். "தெரிஞ்சுபோச்சா? யாரு, அந்த மீன்காரியா? அவ வாயில தண்ணி கூடத் தங்காது."

"மீன்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை. ஏண்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"சும்மா ஒருநாள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்தேன். தள்ளுபடின்னு போட்டிருந்தான். ஒரு ஆசையில அமுக்கிட்டேன்."

"உனக்குத் தலை சுத்தல் வரும், நடுமாடியில எடுக்கணும், அதெல்லாம் கம்ப்யூட்டர் கேட்டுச்சா?"

"அது ஒண்ணுமே கேக்காதுடி," என்றாள் ஸ்மரோ. "அதுதான் அதுக்கிட்ட எனக்குப் பிடிச்சது."

"அப்படின்னா அதையே சிநேகிதியா வெச்சுக்கோ" என்று சொல்லி அர்கிரோ போனை வைத்துவிட்டாள். மறுபடி மணி அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. வசந்தம் வந்ததிலிருந்தே ஸ்மரோ கடைப்பக்கம் வராததும், கூப்பிட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொன்னதும் இப்போது வேறு மாதிரி அர்த்தமாயிற்று. குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று அர்கிரோ முடிவுகட்டினாள்.

கப்பல் கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் பந்தெலிஸ் கடைக்கு வந்தார். கையில் எள்ளுத் தூவின வளைய ரொட்டி ஒன்று, கடிக்காமல். சவரம் செய்து நாளாகியிருந்தது.

"வாங்க. கம்ப்யூட்டர் பழுதாயிடுச்சா?" என்றாள் அர்கிரோ, தலையைத் தூக்காமல்.

"கும்பாரா, ஒரு உதவி. கம்பெனிக்குப் போன் பண்ணினா பாட்டுதான் பாடுது, ஆளே வர மாட்டேங்கறான். கேபினை லிப்ட் பக்கத்துல மாத்தணும். ஏறும்போது ஒரு சக்கர நாற்காலியும் வேணும்."

"சக்கர நாற்காலி யாருக்கு?"

அவர் ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொதிக்கும் என்ஜின்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர், குழந்தைபோல் குலுங்கினார். அர்கிரோ எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்தினாள்.

ஸ்மரோவுக்குக் கணையத்தில் புற்று. குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. இனி மருந்து கொடுத்தால் உடம்புக்கு வேதனைதான், வேறு பலனில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் ஸ்மரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் கப்பலைப் பதிவு செய்திருக்கிறாள்.

"எங்கிட்ட வந்திருக்கலாமே! நான் என்ன பேயா, பிசாசா?"

"நான் சொன்னேன்மா. கேக்கலை. 'அர்கிரோ என் மூஞ்சைப் பாத்தாலே தெரிஞ்சுபோயிடும். இன்சூரன்ஸுக்கு உடம்பு எப்படின்னு கேப்பா. மெஷின்கிட்ட நல்லா இருக்கேன்னு பொய் சொல்லலாம், அவகிட்ட முடியாது'ன்னா. அப்புறம் இன்னொண்ணும் சொன்னா." பந்தெலிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "'வீட்ல எல்லாரும் என்னை நோயாளியாப் பாக்கறீங்க. நான் நல்லா இருக்கறதா நெனச்சுச் சண்டை போட ஒருத்தியாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும்'னா."

அர்கிரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பெனிக்காரனுக்கு உண்மையைச் சொன்னால் கப்பலில் ஏற்றவே மாட்டான். அவள் தொழிலில் அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கையால் புக் பண்ணியிருந்தால் அவளே ஏற்றியிருக்க மாட்டாள். "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் ஊர்சுத்தறது" என்று அதட்டி, படங்களை எடுத்து உள்ளே வைத்திருப்பாள். அதைத் தெரிந்துதான் ஸ்மரோ அவளைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"இனிமே அந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க," என்றாள் கடைசியில். "கேபின் இருக்கறபடி இருக்கட்டும். நாற்காலிக்குத் துறைமுகத்துல எனக்கு ஆள் தெரியும். முழங்கால் வலின்னு சொல்லிக்கலாம். நான் வர்றேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விடாதீங்க."

கிளம்பும் நாளன்று அர்கிரோ துறைமுகத்தில் நின்றாள். டாக்சியிலிருந்து ஸ்மரோ இறங்கினாள். ஆள் பாதியாகியிருந்தாள். நோயின் மஞ்சள் தெரியாமலிருக்க முகம் நிறைய ஒப்பனை, பெரிய கறுப்புக் கண்ணாடி, தலையில் அகலமான தொப்பி.

துறைமுக ஆள் கொண்டுவந்த சக்கர நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் அர்கிரோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வாடி துரோகி! என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டு ராணி மாதிரி நாற்காலியில வேற போறியா?"

ஸ்மரோவின் முகம் மலர்ந்தது. "முழங்கால்டி. வயசாகுதில்ல? உனக்குத்தான் பொறாமை, வழியனுப்பற வேலை இப்ப உன் தலையில விழுந்துடுச்சேன்னு."

"மெலிஞ்சு வேற போயிட்டே. பட்டினி கிடந்து கச்சிதமா உடுத்திக்கிட்டு யாரை மயக்கப் போறே?"

"கேப்டனை. பந்தெலிஸ் கீழே என்ஜினைப் பாக்கட்டும்."

"திரும்பி வா, உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கறேன்."

"இழு, இழு. நல்ல வக்கீலா நானும் ஆன்லைன்ல பாத்து வெக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். படியருகே வந்ததும் ஸ்மரோ நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். எழுந்து, பந்தெலிஸின் கையைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். நடுவில் ஒருமுறை நின்று, காட்சியை ரசிக்கிறவள்போல் துறைமுகத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று அர்கிரோவுக்குத் தெரியும். அர்கிரோ கையை ஆட்டினாள். கப்பல் துறைமுக வாயைத் தாண்டிப் போகும்வரை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

கோட்டோர் என்ற அயல்நாட்டுத் துறைமுகம் வரைக்கும்தான் கப்பல் அவளைக் கொண்டுபோயிற்று. கடல் மலைகளுக்குள் புகுந்து போகும் அந்த இடத்தில் விடிகாலையில் ஸ்மரோ போர்வை சுற்றிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நடுப்பகலில் வலி தாங்காமல் சுருண்டுவிட்டாள். கப்பல் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கரை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டார். சாயங்காலம் கப்பல் தன் வழியே போய்விட்டது. மொழி தெரியாத ஊரில், இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டு பந்தெலிஸ் போன் செய்தார். "கும்பாரா, எனக்கு யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை."

"என்னைத்தான் கூப்பிடணும். வேற யாரை?" என்றாள் அர்கிரோ. அடுத்த விமானத்தைப் பிடித்து, மலைப்பாதையில் டாக்சி வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

ஸ்மரோவுக்கு நினைவு இருந்தது. ஒப்பனை இல்லாத முகம் எலுமிச்சை நிறத்தில் தலையணையில் கிடந்தது.

"எப்பலேர்ந்துடி தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"என்ன தெரியும்?"

"நடிக்காதே. துறைமுகத்துல நல்லாத்தான் நடிச்சே. கொஞ்ச நேரம் நானே நம்பிட்டேன், என் உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு." அவள் விரல்கள் அர்கிரோவின் கையைத் தேடின. "கோவமாடி?"

"கோவம்தான். என்னைக் கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

அர்கிரோவால் பொய் சொல்ல முடியவில்லை. "விட்டிருக்க மாட்டேன்."

"அதான்," என்றாள் ஸ்மரோ. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அர்கிரோ எழப் பார்த்தபோது, "பந்தெலிஸ் ராத்திரியெல்லாம் பக்கத்துல இருந்தார்டி. கப்பல்ல. என்ஜின் சத்தத்தை வெச்சே எவ்வளவு வேகத்துல போகுதுன்னு சொன்னார். இத்தனை வருஷமா அவர் அதைக் கேட்டுக்கிட்டுத் தனியாப் படுத்திருந்திருக்கார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதில் கோர்வை இல்லை. மறுநாள் பகலில் மூச்சு அடங்கியது.

உடலை ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடெல்லாம் அர்கிரோவே செய்தாள். தூதரகம், சவப்பெட்டி, வண்டி. வாழ்நாளெல்லாம் பிறரை ஊருக்கு அனுப்பிய பழக்கத்தில் அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. அல்பேனியா வழியே தரைமார்க்கமாக வந்தார்கள்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மகள் கல்லிரோயி, அடக்கம் முடிந்து வழக்கப்படி எல்லோரும் காப்பியும் பிராந்தியும் எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அர்கிரோவின் முன்னால் வந்து நின்றாள்.

"தெரிஞ்சும் ஏத்தி விட்டீங்களாமே சித்தி? இது உங்க தொழிலாச்சே. தெரியாதவங்க செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். வீட்ல, என் மடியில போயிருப்பாங்க அம்மா. முன்பின் தெரியாத ஊர்ல…"

"கல்லிரோயி, விடும்மா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்று பந்தெலிஸ் குறுக்கே வந்தார்.

"நீங்க பேசாதீங்கப்பா."

அர்கிரோ தலையைக் குனிந்துகொண்டாள். படியேறும்போது ஸ்மரோவின் முகம் எப்படி இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அம்மாவின் கடைசி மூச்சைத் தவறவிட்ட பெண்ணிடம் அதைச் சொல்வது நியாயமாகப் படவில்லை. கல்லிரோயி அவளிடம் விடைபெறாமலே ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகும் பேசவில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு பந்தெலிஸ் தினமும் கடைக்கு வரத் தொடங்கினார். காலையில் வந்து, வாடிக்கையாளர் நாற்காலிகளில் சுவரோரம் இருப்பதில் உட்கார்ந்துகொள்வார். அர்கிரோ காப்பி போட்டுக் கொடுப்பாள். அவர் வருவதால் இவளுக்கும் கடையைத் திறக்க ஒரு காரணம் இருந்தது.

ஒருநாள் தீவுக்குப் போக டிக்கெட் கேட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "நீங்க முன்னாடியே வந்துட்டீங்க போலிருக்கே. உங்களுக்கு முதல்ல பாக்கச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்றாள்.

பந்தெலிஸ் காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா, நீங்க பாருங்க," என்றார். "எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை."