ஓய்வு நேரக் கஞ்சி

காலையில் பள்ளித் திடலில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்பு நவமணி சரிந்து விழுந்தாள். புக்கிட் ரோத்தான் நகரிலிருந்து அந்தச் செம்பனைத் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த சந்திரிகா டீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். பிள்ளை கனக்கவேயில்லை.

"காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"வரக்கோப்பி மட்டும்தான், டீச்சர்."

தலைமையாசிரியர் சிவானந்தம் விசிறிவிட்டார். "இங்க இது சகஜம் டீச்சர். அப்பா அம்மா இருட்டோட வேலைக்குப் பேர் கொடுக்க பெரட்டுக்குப் போயிடறாங்க. பிள்ளைங்க தானா எந்திரிச்சு வருதுங்க."

பள்ளி விட்டதும் சந்திரிகா தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குப் போனாள். நவமணியின் தாய் சின்னத்தாய் களைக்கொல்லி அடித்துவிட்டு அப்போதுதான் முதுகுப் பம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். மருந்தில் அவள் நகங்கள் வெளுத்திருந்தன.

"புள்ள பசியில மயங்கிட்டா அக்கா."

சின்னத்தாய் பம்பைத் தரையில் வைத்தாள். பிறகு சொன்னாள். "முன்ன இருந்த டீச்சரு, உம் மக வகுப்புல தூங்குறான்னு அடிச்சாங்க. மண்டையில ஒண்ணும் ஏறலன்னாங்க. பசின்னு யாரும் சொல்லலையே." அவள் நிமிர்ந்தாள். "என் புள்ள மட்டுமா டீச்சர்?"

"பாதி வகுப்பு அப்படித்தான் இருக்கு அக்கா."

அதற்குமேல் சந்திரிகா எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பள்ளிக்குப் பின்னால் ஒரு கொட்டகை நின்றது. பழைய தகரக் கூரை, மரக்கால்கள், கல்லடுப்பு. சின்னத்தாயோடு மருந்தடிக்கும் இராஜம்மா பெரிய பானையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். லயத்துப் பெண்கள் அதைக் கட்டி, வீட்டுக்கு வீடு அரிசி வாங்கியிருந்தார்கள்.

"நீங்க வேலைக்குப் போகலையா?"

"என் பங்கு மருந்த மத்தவங்க அடிச்சிருவாங்க டீச்சர். நாளைக்கு அன்னம்மா நிப்பா. அவ பங்க நாங்க அடிப்போம்."

"உங்கள வேலை வாங்குற மண்டோர் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

இராஜம்மா சிரித்தாள். "அவரு புள்ளையும் இங்கதான படிக்குது லா."

சந்திரிகா மணியடிப்பதையும் மறந்து அங்கேயே நின்றாள். அவள் படித்த ஆசிரியர் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாள் போகப் போக வகுப்பில் சத்தம் கூடியது. மேசையில் தலை கவிழ்ந்து கிடந்த பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள்; சண்டை போட்டார்கள். நவமணி ஒருநாள் எல்லோரையும் முந்திக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தாள். அந்த இரைச்சலை அடக்கச் சந்திரிகாவுக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது தோட்ட அலுவலகக் கிராணி லோரியோடு வந்தார். தோட்ட நிலத்தில் அனுமதியில்லாமல் எதையும் கட்டக்கூடாதாம்.

"பிள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சற இடங்க," என்றார் சிவானந்தம்.

"மானேஜர் உத்தரவு சார். நான் என்ன செய்யறது?"

தகரங்கள் லோரியில் ஏறின. பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலிலிருந்தே மழை. ஓய்வு மணி நெருங்கியது. இன்று கஞ்சி இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சந்திரிகா நடைவழிக்கு வந்தாள்.

கொட்டகை இருந்த இடத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

மழையில் மருந்து அடிக்க முடியாது. வேலையில்லை, சம்பளமும் இல்லை என்று மண்டோர் திருப்பி அனுப்பிய பெண்கள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஒரு பழைய கித்தானை அடுப்புக்கு மேலே விரித்து, சுற்றி நின்று தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உயர்த்திய கைகள் வழியாக மழைத்தண்ணீர் அவர்கள் சட்டைக்குள் இறங்கியது. நடுவில் குனிந்து இராஜம்மா பானையைக் கிண்டினாள்.

"கை வலிக்கலையா அக்கா?" என்று கேட்டாள் சந்திரிகா.

"கொதி வந்திருச்சு டீச்சர். புள்ளைங்கள வரச் சொல்லுங்க," என்றாள் சின்னத்தாய்.

சந்திரிகா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். கித்தானின் தொய்ந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைகள் தட்டுகளோடு ஓடிவந்து அடியில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

நவமணி மட்டும் உட்காரவில்லை. ஒரு கரண்டிக் கஞ்சியை ஊதி, எக்கி நின்று, அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"நீ சாப்புடு தாயி."

கரண்டி நகரவில்லை. இரண்டு கைகளும் மேலே இருக்க, சின்னத்தாய் குனிந்து வாங்கி விழுங்கினாள். அடுத்த கரண்டி வருமுன்பே அவள் வாய் தானாகத் திறந்தது.