வாழையிலைக்கு அடியில் வெள்ளைப் பொடி

நாகையா சிவசம்புவுக்குத் தரவேண்டியது பதினெட்டு வெள்ளி முப்பத்தைந்து காசு. மனைவி தங்கமணி காய்ச்சலில் கிடந்தபோது, பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு வைத்தியருக்குக் கட்டிய பணம். தன் மகள் கலியாணத்துக்கு முந்நூறு வாழையிலை கொண்டுவந்தால் கடன் தீர்ந்தது என்றிருந்தார் அவர்.

காப்பாரில், தான் கூலி வேலை பார்க்கும் தோட்டத்து வாய்க்கால் கரையில் விடிகாலை இலை அறுக்கும்போதுதான் நாகையா அதைக் கண்டான். இலைகளின் அடிப்பக்கமெல்லாம் வெள்ளைப் பொடி. போன வாரம் அக்கரையில் லாலான் களைப்புல்லைக் கொல்ல விஷ மருந்து அடித்தவன் அவன்தான். அந்தப் புல்லை மேய்ந்த பசு பொழுது சாய்வதற்குள் செத்து விழுந்தது.

"மருந்து காத்துல வந்து ஒட்டியிருக்கு புள்ள," என்று வீட்டில் மனைவியிடம் இலையைத் திருப்பிக் காட்டினான்.

"அப்பத் தேய்ச்சுக் கழுவு. கல்யாண வீட்டைக் கொன்னுட்டுத் தூக்குல தொங்கப் போறியா?" என்றாள் தங்கமணி.

சவுக்காரமும் தேங்காய் நாருமாக இருவரும் தேய்த்தார்கள். இருநூறு இலையோடு சவுக்காரம் தீர்ந்தது. மீதி நூறை அங்கே போய்த் தேய்க்கலாம் என்று தனிக் கட்டாகக் கட்டிக்கொண்டு கிள்ளானில் ரயிலேறினான்.

பிரிக்பீல்ட்ஸில், சிவசம்பு வீட்டில் கட்டுகளை அவிழ்த்தான். தேய்த்த இருநூறும் ஓரம் கருகிச் சுருண்டு துவண்டு கிடந்தன. தேய்க்காத நூறு, அப்போதுதான் அறுத்ததுபோல் இருந்தது.

"என்ன நாகையா, உந்தச் சருகிலயோ என்ர சம்பந்திக்குச் சோறு போடுறது? அந்த நல்ல கட்டைத் தா," என்றார் சிவசம்பு.

"அது வேணாங்கய்யா. அதுல விஷம் இருக்குதுங்க." எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சிவசம்பு கையில் எடுத்த இலையைக் கீழே போட்டார். அவர் மனைவி நேசம்மா கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். "எங்கட வாழை மரத்திலயும் இந்தப் பொடிதானே கிடக்கு. இங்க ஆர் மருந்தடிச்சது?"

நாகையா அந்தப் பொடியைக் கத்தியால் சுரண்டி அடுப்பில் காட்டினான். மெழுகாய் உருகியது. தேய்க்காத இலையில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாய் உருண்டோடியது. தேய்த்ததில் பரவி ஒட்டிக்கொண்டது. இலையின் ஈரம் வெளியே போகாமல் காத்த போர்வையைத் தானே உரித்துவிட்டது அவனுக்கு விளங்கியது. விளங்கியும் பயம் போகவில்லை. வாய்க்கால் கரை இலை ஆயிற்றே; மெழுகின் மேல் மருந்தும் படிந்திருந்தால்?

"அப்ப நீயே முதல்ல இருந்து சாப்பிடு," என்றார் சிவசம்பு.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தி போடுமுன் அவனுக்குத் தேய்க்காத இலை ஒன்று போட்டார்கள். பசுவின் பிதுங்கிய நாக்கே கண்ணில் நின்றது. ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் தின்றான். சிவசம்பு ஒரு மணி நேரம் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றார். அவனுக்கு வியர்த்தது, வேறொன்றும் ஆகவில்லை.

மீதித் தேய்க்காத இலைகளை இரண்டாக நறுக்கிப் பந்தி போட்டார்கள். போதாததற்கு அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் அறுத்தார்கள். சிவசம்பு கடன் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டார்.

"நூறு இலைக்கு ஆறு வெள்ளிதான் கழியும். மிச்சம், நீ முதல்ல சாப்பிட்டதுக்கு."