மாப்ள கைப்பேசியில் அடிக்க வேண்டிய எண்

விருமாண்டியின் பம்ப்செட் கடை சிம்மக்கல்லில் இருந்தது. கடையின் மின்னஞ்சல் மட்டும் பேரையூரில், அவருடைய தங்கை புருசன் பேயாண்டியின் கைப்பேசியில் மாட்டிக்கொண்டிருந்தது.

கூட்டு வியாபாரம் நடந்த காலத்தில் பேயாண்டி தன் எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய கணக்கு அது. பிறகு பேயாண்டி மகளுக்குக் காதுகுத்து வந்தது. ஃபிளெக்ஸ் பேனரில் தாய்மாமன் விருமாண்டியின் படம் தபால்தலை அளவு. பேயாண்டியின் கூட்டாளிகள் பதினான்கு பேர் கூலிங்கிளாஸோடு ஆளுயரம். அன்றோடு வியாபாரமும் பேச்சும் முடிந்தன. மூன்று வருடம் ஆகிறது.

இப்போது விருமாண்டி தனியாக வேறு கிளவுட் கணக்கு வாங்கியிருந்தார். பழைய அஞ்சல்களை, கணினி வேலைக்கென்று அவர் வைத்த சிவபாண்டி இரண்டே நாளில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். கடையின் மின்னஞ்சல் முகவரிப் பெயர்தான் பாக்கி. பழைய இடத்தில் கழற்றினால்தான் புதிய இடத்தில் மாட்ட முடியும். கழற்றுவதற்கு உள்ளே போனால் திரையில் இரண்டிலக்க எண் ஒன்று வரும். ஒரு நிமிடத்துக்குள் பேயாண்டி அதைத் தன் கைப்பேசியில் அடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பழைய கணக்கு காலாவதி. அதன்பின் கேரளத்து ஆர்டர்கள் அந்தரத்தில் தொங்கும்.

மணி ஐந்தேகால்.

விருமாண்டி வைத்த கூலி ஆளோடு பேயாண்டி பேச மாட்டாராம். பொண்டாட்டி சொன்னால் அடிப்பாராம். சிவபாண்டி போனில் விருமாண்டியின் தங்கை பாண்டிமீனாவிடம் எண்ணைச் சொன்னான். அவள் மொட்டைமாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"எம்பத்திமூணு!"

"எம்பத்தஞ்சா?" என்றார் மாடியிலிருந்து பேயாண்டி.

நிமிடம் போயிற்று. இரண்டாம் முறை பேயாண்டி கண்ணாடியைத் தேடினார். மூன்றாம் முறை தும்மினார்.

"அண்ணே, இன்னொரு தடவ தப்புச்சுன்னா கணக்கு பூட்டிக்கிரும். நீங்களே சொல்லிருங்க," என்றான் சிவபாண்டி.

"அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்டா."

"மூஞ்சி தெரியாதுண்ணே. வீடியோ கால் இல்ல." போனில் சொன்னான்: "அக்கா, மாடிக்கே போயி ஸ்பீக்கர்ல போடுங்க."

திரையில் 47 வந்தது. விருமாண்டி எண்ணைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பிடுங்கினார்.

"மாப்ள! நாப்பத்தேழு!"

மாடியில் பேயாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, ரொம்ப நிதானமாக:

"கேக்கல மச்சான். இன்னொருக்கா?"

"நாப்பத்தேழு மாப்ள! நாசமாப் போறவனே, அடிச்சுத் தொலைடா!"

திரை திறந்தது.

விருமாண்டி போனைச் சூடான டம்ளரைப் போலக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் அவன்ட்ட பேசல. நம்பரத்தான் சொன்னேன்."

ஐந்து ஐம்பதுக்குப் புதிய கணக்கில் சோதனை அஞ்சல் வந்து விழுந்தது.

"இந்தக் கணக்குக்கு உங்க நம்பரு ஒண்ணு. அவசரத்துக்கு இன்னொரு ஆளு நம்பரு வேணும்ணே," என்றான் சிவபாண்டி.

விருமாண்டி யோசித்தார். தம்பியோடு வரப்புத் தகராறு. பெரியப்பா மகனோடு பொங்கலிலிருந்து பேச்சில்லை. மகன் போனை எடுப்பதில்லை.

அணைக்காமல் கிடந்த போனிலிருந்து பாண்டிமீனா சொன்னாள்: "என் நம்பரப் போடுங்க தம்பி. இந்தக் குடும்பத்துல அம்புட்டுப் பேருகிட்டயும் பேசுற கிறுக்கச்சி நான் ஒருத்திதான்."

விருமாண்டி மறுக்கவில்லை. சிவபாண்டி அவள் எண்ணை அடித்தான்.

"அக்கா, உங்க போனுக்கு ஆறு நம்பரு வரும். வாசிங்க."

"வந்திருச்சு. செத்த இருங்க தம்பி, என் கண்ணாடிய அவருல்ல மாட்டியிருக்காரு."