ஹார்லனின் காட்டெருமைக் காசு

வங்கியில் வாங்கிய நிக்கல், அதாவது ஐந்து சென்ட் காசுச் சுருள்களை மேசையில் பிரித்துக் கொட்டும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பாதிக்கு மேல் பச்சை நகப்பூச்சுப் பொட்டு. எல்லாம் ஹார்லன் ஸ்டக்கி வைத்தது. தான் பார்த்துக் கழித்த காசு மறுபடி தன் கைக்கே வந்தால் தெரியட்டும் என்று பொட்டு வைத்து வங்கியில் தள்ளிவிடுவான் கிழவன். அந்தக் குப்பை என் தலையில் வந்து விழும். எங்கள் நெப்ராஸ்கா ஊரில் காசு பொறுக்கும் பைத்தியங்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளி கலந்து அடித்தவை. அவற்றின் பின்பக்க மாளிகைப் படத்தில் கும்மட்டத்தின் மேல் பெரிய எழுத்து இருக்கும். அப்புறம், காட்டெருமை படம் போட்ட பழைய காசுகள். மற்றதெல்லாம் வங்கிக்கே. ஒரு பெட்டிச் சுருளுக்கு ஒன்று தேறினாலே அதிர்ஷ்டம்.

அன்று ஒரு சுருளைப் பிரித்தால் முழுக்க வெள்ளி. அடுத்ததும் அப்படியே. அடுத்ததை அவசரமாகப் பிய்த்தேன். பேராசைதான், வேறென்ன. அதில் ஒரு காட்டெருமை. தேய்ந்து மறைந்த ஆண்டு எண்ணை அமிலம் விட்டு மீட்டிருந்ததில் பழுப்புக் கறை படிந்திருந்தது. 1913. ஹார்லன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் காட்டி உயிரை வாங்குவானே, அதே காசு.

ஒருவர் தவறவிட்டது மற்றவருக்குக் கிடைத்தால் உடனே போன் போட்டு மானத்தை வாங்குவது எங்கள் வழக்கம். அந்தக் குஷியில் நான் எதையும் யோசிக்கவில்லை.

“யோவ் கிழவா, கண்ணு அவிஞ்சு போச்சா? உன் வெள்ளியெல்லாம் என் மேசைல கிடக்கு. அந்தப் பத்தொன்பது பதிமூணு எருமையும் இங்கதான் மேயுது.”

போனை எடுத்தது ஹார்லன் இல்லை.

“மாமா தூங்குறாருங்க மேடம்,” என்றான் டேரல். ஹார்லனின் அக்கா மகன். போன மாதம் வந்து ஒட்டிக்கொண்டவன். “நான் நேர்ல வரேன். வீட்ல தனியாவா இருக்கீங்க?”

ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். போனை வைத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. ஹார்லன் உயிரோடிருக்கும்வரை அந்தக் காசைக் கைமாற விடமாட்டான். இவன்தான் அருமை தெரியாமல் வங்கியில் மாற்றியிருக்கிறான், மாமா தூங்குகிறாராம். ஷெரிஃபைக் கூப்பிடலாமா, கூப்பிட்டு என்னவென்று சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கையிலேயே வாசலில் டிரக் வந்து நின்றது.

காசைக் கொடுத்துவிட்டால் சாட்சி போய்விடும். கொடுக்காவிட்டால் எனக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். என் டப்பாவிலும் அமிலக் கறையோடு ஒரு காட்டெருமை இருந்தது, 1920. அதை எடுத்து வெள்ளிக் காசுகளோடு பையில் போட்டேன். ஹார்லனுடையதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

டேரல் உள்ளே வரவில்லை. பூட்ஸில் ஈரச் சேறு. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

“மாமா தெரியாம போட்டுட்டாருங்க. திருப்பி வேணும்னாரு.”

“அவரையே ஒரு வார்த்தை பேசச் சொல்லேன் தம்பி.”

“எழுப்ப முடியாதுங்க.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். பையை வாங்கிக்கொண்டு சிரித்தான். கதவைத் தாழிட்டுவிட்டு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரக் கிளம்பவில்லை. டேரல் உள்விளக்கைப் போட்டு, ஒரு காசைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஆண்டைச் சொன்னவளே நான்தானே. என் வாயில் தீயை வைக்க.

அவன் டிரக்கிலிருந்து இறங்கினான்.

“மேடம், இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரே ஒரு வண்டிதான் இருக்கு,” என்றாள் அந்தப் பெண். “அவன் உங்க வாசல்லதானே நிக்குறான்? அங்கயே அனுப்பிடறேன்.”

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹார்லன் அந்த வீட்டில் எங்கே கிடக்கிறானோ, இன்னும் மூச்சு இருக்கிறதோ இல்லையோ.

“இங்க வேணாம்மா,” என்றேன். “முதல்ல ஹார்லன் வீட்டுக்கு அனுப்பு.”